பேட்டரி தேதியும் காலண்டரில் ஏறட்டும்

நான் கல்யாணமாகி சேலையூருக்கு வந்த புதிதில் எங்கள் தெருவில் ஒரே ஒரு கார்தான். அது டாக்டர் வீட்டுக் கார். இன்றைக்குத் தாம்பரம், பெருங்களத்தூர், முடிச்சூர், மேடவாக்கம் எந்தப் பக்கம் போனாலும் கேட்டுக்கு உள்ளே ஒரு கார், வெளியே ஒரு கார். பெண்களும் தாராளமாக ஓட்டுகிறோம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறோம், மார்க்கெட்டுக்குப் போய் வருகிறோம், பெரியவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம்.

ஆனால் பானெட்டைத் திறந்தால் மட்டும் இரண்டடி தள்ளி நின்றுகொள்கிறோம். "அதெல்லாம் அவர் பார்த்துக்குவார்." மிக்ஸி ஓடாவிட்டால் பிளக்கைப் பார்க்கத் தெரிகிறது. காஸ் அடுப்பு சரியாக எரியாவிட்டால் பர்னரைக் கழற்றித் துடைக்கத் தெரிகிறது. காரில் ஒரு பெட்டி மட்டும் நமக்கு அந்நியமாகவே இருக்கிறது. அந்தப் பெட்டியைப் பற்றித்தான் சகோதரிகளோடு பேச ஆசைப்படுகிறேன்.

அன்றைய திங்கட்கிழமை

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு ஆரம்பித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலையில் இருந்தார். வர வழியில்லை. வீட்டில் நான், காலேஜ் படிக்கிற என் பெண், அத்தை, மூன்று பேர்தான். அத்தைக்குச் சிறுநீரகக் கோளாறு. திங்கள், வியாழன் இரண்டு நாளும் குரோம்பேட்டையில் டயாலிசிஸ். ஏறி இறங்க அவர்களுக்கு ஆட்டோதான் சௌகரியம் என்பதால் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரே வருஷக்கணக்காக வந்துகொண்டிருந்தார். ஊரடங்கிலும் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டி விடாமல் வந்தார். பள்ளிக்கூடம் இல்லை, கடைகண்ணி இல்லை என்பதால் எங்கள் கார் மார்ச் மாதத்திலிருந்து ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது.

ஜூன் 19-ஆம் தேதி சென்னையிலும் செங்கல்பட்டு மாவட்டத்தின் புறநகர்ப் பகுதிகளிலும் மறுபடி கடுமையான ஊரடங்கு போட்டார்கள். அவசர மருத்துவத்துக்குத் தவிர வண்டிகள் ஓடக் கூடாது. 22-ஆம் தேதி திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஆட்டோக்காரர் போன் செய்தார். "அக்கா, எங்க தெருவைத் தகரம் வெச்சு அடைச்சுட்டாங்க. நான் வெளியே வர முடியாது" என்றார். குரலில் அழுகை இருந்தது.

டயாலிசிஸ் தள்ளிப் போனால் என்ன ஆகும் என்பது அந்த வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும். உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். கால் வீங்கும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இருதயத்துக்கே ஆபத்து. வியாழக்கிழமைக்குப் பிறகு மூன்று நாள் இடைவெளி ஆகிவிட்டிருந்தது. அத்தைக்கு ஏற்கெனவே மூச்சு இரைத்தது.

தார்ப்பாயை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். "டிக், டிக், டிக்." அவ்வளவுதான். முன்னால் எரிய வேண்டிய சின்ன விளக்குகள் மின்மினி மாதிரி மினுங்கி அணைந்தன. மெக்கானிக் கடை பூட்டியிருந்தது. ரோட்டோர உதவி என்று இன்சூரன்ஸ் பேப்பரில் இருந்த நம்பரில், நாளைக்குத்தான் ஆள் வரும் என்றார்கள். ஆம்புலன்சுக்கும் சொல்லி வைத்தோம். அந்த வாரங்களில் ஊரெல்லாம் சங்குச் சத்தம்தான். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மதில் மேல் வந்த கேபிள்

பக்கத்து வீட்டில் ஒரு ஐயா இருக்கிறார். எழுபது தாண்டியவர். ரயில்வேயில் பெட்டிகளுக்கு விளக்கு, ஃபேன் போடும் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அந்தக் காலத்து ரயில் பெட்டிக்கு அடியிலும் பேட்டரி உண்டாம். ஓடுகிறபோது சக்கர அச்சிலிருந்து பெல்ட் மூலம் சுற்றும் ஆல்டர்னேட்டர் அதற்குச் சார்ஜ் ஏற்றும். ஸ்டேஷனில் நிற்கும்போது பேட்டரியிலிருந்து விளக்கு எரியும்.

அவருக்கு வயதும் அதிகம், சர்க்கரையும் உண்டு. பிள்ளைகள் அவரைக் கேட்டைத் தாண்ட விடவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் முகக்கவசத்தோடு நின்று, "ஏம்மா, ஹாரன் அடிக்குதா பாரு" என்றார். ஈனஸ்வரத்தில் முனகியது. "பேட்டரிதான் காலி. பயப்படாதே, நீயே பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டு, கனமான இரண்டு கேபிள்களை மதில் மேல் வைத்துவிட்டு ஆறடி தள்ளிப் போனார்.

எதிர் வீட்டுப் பெண் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். நைட்டி மேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு தன் காரை எடுத்து வந்தாள். இரண்டு காரும் மூக்குக்கு மூக்கு, ஆனால் ஒன்றையொன்று தொடாமல் நின்றன.

"முதல்ல வளையலைக் கழட்டுங்க ரெண்டு பேரும். தாலிச் செயினை ஜாக்கெட்டுக்குள்ள விட்டுக்கோ. துப்பட்டாவை இடுப்புல சொருகு" என்றார் ஐயா. காரணம் பிறகு சொன்னார். 12 வோல்ட் நமக்கு ஷாக் அடிக்காது. ஆனால் வளையலோ செயினோ ஸ்பானரோ பிளஸ்ஸையும் காரின் இரும்பையும் ஒருசேரத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியாகப் பாயும். பொன் வளையல் நொடியில் பழுத்துக் கையைச் சுட்டுவிடும். நம் வீட்டுப் பெரிய பவர் பிளக்கே 16 ஆம்பியர்தான் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிறகு அவர் சொல்லச் சொல்ல நாங்கள் இருவரும் செய்தோம். அதை அப்படியே வரிசையாகத் தருகிறேன்.

1. இரண்டு பேட்டரியும் 12 வோல்ட்தானா என்று பார்க்க வேண்டும். கார்களில் பெரும்பாலும் 12-தான். லாரி, பஸ்ஸில் 24 இருக்கும், அதிலிருந்து எடுக்கக் கூடாது. பேட்டரி உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டு ஒழுகினாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ கிட்டேயே போகக் கூடாது.

2. இரண்டு காரையும் அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். ஏசி, விளக்கு, ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும்.

3. சிவப்பு கேபிளின் ஒரு முனை, உயிரில்லாத பேட்டரியின் பிளஸ்ஸில். மறுமுனை, நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில்.

4. கறுப்பு கேபிளின் ஒரு முனை, நல்ல பேட்டரியின் மைனஸில். மறுமுனையை உயிரில்லாத பேட்டரியின் மேல் மாட்டக் கூடாது. அந்தக் காரின் எஞ்சினில் பெயின்ட் அடிக்காத கனமான இரும்புப் பாகம் ஒன்றில், பேட்டரிக்குத் தள்ளி மாட்ட வேண்டும்.

5. நல்ல காரை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஓட விட வேண்டும். பிறகு மற்றதன் சாவியைத் திருப்ப வேண்டும். கிளம்பாவிட்டால் விடாமல் திருகாமல், கொஞ்சம் பொறுத்து மறுபடி.

6. கிளம்பியதும் மாட்டியதற்கு நேர்மாறான வரிசையில் கழற்ற வேண்டும். கடைசியாக மாட்டிய கறுப்பு முனைதான் முதலில் வெளியே வர வேண்டும்.

நாலாவது படியில் எதிர் வீட்டுப் பெண் கறுப்புக் கவ்வியைப் பேட்டரிக்குக் கொண்டு போனாள். "அங்க வேண்டாம்!" என்று ஐயா போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். கடைசி இணைப்பில் ஒரு பொறி பறக்கும். இரண்டும் ஓரிடத்தில் சந்தித்தால் பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். அதனால்தான் பொறி தள்ளியே பறக்கட்டும் என்று அந்த வழி. பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது. ஆசிட் மேலே பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் இருபது நிமிஷம் விடாமல் கழுவிவிட்டு நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

இரண்டாவது தடவை திருப்பியதில் எங்கள் கார் உறுமியது. அத்தை வாசல் படியில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்கள். யாரைக் கும்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

"அரை மணி நேரமாவது அணைக்காதே" என்று ஐயா சொல்லியிருந்தார். குரோம்பேட்டை போனதும் என் பெண் அத்தையை உள்ளே கூட்டிப் போனாள். நான் ஆஸ்பத்திரி வாசலில், திறந்த வெளியில், எஞ்சினை ஓட விட்டு உட்கார்ந்திருந்தேன். நாலு மணி நேரம் கழித்து அத்தை மூச்சு இரைக்காமல் நடந்து வந்தார்கள். வண்டியும் கிளம்பிவிட்டது. அத்தை அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எங்களோடு இருந்தார்கள்.

நின்றே சாகும் பெட்டி

அசையாமல் நிற்கும் வண்டியில் பேட்டரி ஏன் காலியாகிறது? கடிகாரம், திருட்டு அலாரம், சின்னக் கம்ப்யூட்டர் இவையெல்லாம் சாவியை எடுத்த பிறகும் துளித்துளியாய்க் குடித்துக்கொண்டேதான் இருக்கும். பானையில் ஊசித் துளை இருக்கிற மாதிரி. நாலைந்து வாரத்துக்குள்ளேயே பழைய பேட்டரி படுத்துவிடலாம்.

உள்ளே இருப்பது ஈயத் தகடுகளும், தண்ணீர் கலந்த கந்தக ஆசிடும். ஆறு அறைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட். நிறைய சார்ஜ் இருந்தால் மொத்தம் 12.6 வரும். 12-க்குக் கீழே போனால் காலி என்று அர்த்தம். ஓடும்போது 13.5-லிருந்து 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றுகிறது. கடையில் ஒரு நிமிஷத்தில் அளந்து சொல்லிவிடுவார்கள். காலியான பேட்டரியை அப்படியே போட்டு வைத்தால் தகடுகளில் உப்பு மாதிரி படிந்து இறுகிவிடும். பிறகு சார்ஜ் பிடிக்காது. எங்களுடையது ஐந்து வருஷம் உழைத்தது. ஜூலையில் கடை திறந்ததும் மாற்றிவிட்டோம்.

குளிர் நாடுகளில் பனிக்காலத்தில்தான் வண்டி கிளம்பாமல் சண்டித்தனம் பண்ணும். நம் ஊரில் பேட்டரியின் ஆயுளைத் தின்பது வெயில். சித்திரை, வைகாசியில் நாள் முழுக்க வெட்டவெளியில் நின்றால் உள்ளே தண்ணீர் வற்றும், தகடு அரிக்கும். மூன்று, நாலு வருஷம் ஆனதும் ஒரு கண் வைக்க வேண்டியதுதான்.

முன்கூட்டியே அது சொல்லவும் செய்யும். காலையில் ஸ்டார்ட் ஆகும்போது எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றும். ஹெட்லைட் மங்கும். டிக் டிக் சத்தத்தோடு விளக்கும் மங்கினால் பேட்டரி. விளக்கு பளிச்சென்று இருந்தும் சத்தமே இல்லையென்றால் கவ்வி தளர்ந்திருக்கலாம், அல்லது ஸ்டார்ட்டர் மோட்டார். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் கோளாறு பெட்ரோல் பக்கமாக இருக்கலாம். போனில் மெக்கானிக்கிடம் இதைச் சரியாகச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா என்று கேட்பீர்கள். பெருங்களத்தூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனியில் செய்த ஹெரால்டு கார்களைத் தெருப் பையன்கள் தள்ளிக் கிளப்பிய கதைகளை ஐயா சிரித்துச் சிரித்துச் சொல்வார். இன்றைய கார்களில் பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் மின்சாரம் வேண்டும். பேட்டரி அடியோடு காலியானால் தள்ளியும் பிரயோஜனமில்லை. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைத் தள்ளவே கூடாது.

மின்சாரக் காரும் ஹைபிரிட் காரும் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றிலும் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடக் கூடாது. எதையும் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்தே செய்ய வேண்டும்.

சமையலறைப் பொருளே போதும்

கவ்விகளைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கரைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். கரைசல் பேட்டரிக்குள் இறங்கக் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். துடைத்துக் காய்ந்த பிறகு லேசாக வாசலின் தடவினால் மறுபடி சீக்கிரம் பூக்காது. கவ்வியைக் கழற்றுவதானால் மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

மூடி உள்ள பேட்டரியானால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவும் ஆகாது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் இதே விதி. இரண்டும் ஒரே ஜாதி.

வாரம் ஒரு தடவை அரை மணி நேரமாவது வண்டி ஓட வேண்டும். கேம்ப் ரோடு வரை போய்க் கறிகாய் வாங்கி வருவது கணக்கில் வராது. ஸ்டார்ட் செய்யச் செலவானதே திரும்ப ஏறாது. மாதக்கணக்கில் ஊருக்குப் போவதானால் மைனஸ் கவ்வியைக் கழற்றிவைத்துவிட்டுப் போகலாம்.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரில் வீடுகளோடு கார்களும் மூழ்கின. 2023 டிசம்பர் புயலிலும் அந்தப் பக்கம் தண்ணீர் நின்றது. மூழ்கிய காரை "கிளம்புதா பார்க்கலாம்" என்று சாவியைத் திருப்பவே கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தால் ராடு வளைந்துவிடும். தண்ணீர் வடிந்த பிறகு கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

சின்னக் குழந்தை உள்ள வீடுகளுக்கு இன்னும் முக்கியமானது பழைய பேட்டரி. அதில் இருப்பது ஈயம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லும்படி ஈயத்துக்கு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாடிப்படிக்கு அடியில் போட்டு வைக்காதீர்கள். பழைய இரும்புக்காரரிடமும் தள்ளாதீர்கள். உடைத்து, திறந்தவெளியில் உருக்கினால் அந்தப் புகையும் மண்ணும் வேறொரு தாயின் குழந்தைக்குப் போகும். புதிது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். அப்படித் திரும்பப் பெற வேண்டும் என்று 2001-லேயே விதி வந்தது. 2022-ல் அதைப் புதுப்பித்தார்கள்.

நமக்கு வந்ததே இதனால்தான்

ஐயா சொன்ன இன்னொரு விஷயம் என் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. ஆரம்பகாலத்துக் கார்களை முன்னால் ஒரு இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். நம் அம்பாசிடரில் கூட அந்தக் கைப்பிடி வந்ததைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். சுற்றும்போது அது எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டே முறியும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் பேட்டரியால் சுற்றும் ஸ்டார்ட்டரைச் செய்தார். 1912-ல் காடிலாக் காரில் அது வந்தது. புஜபலம் இல்லாமல் யாரும் காரைக் கிளப்பலாம் என்றானது அதற்குப் பிறகுதான். பெண்கள் தாமாகக் கார் ஓட்ட வழிவிட்ட பொருளே இந்தப் பெட்டிதான் என்றால், அது எப்படி 'அவர் சமாச்சாரம்' ஆகும்?

எங்கள் தெருவில் இப்போது நாலு வீட்டுப் பெண்களுக்குக் கேபிள் மாட்டத் தெரியும். மருமகளாக வந்த பெண் ஒருத்தி கைக்குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்து கற்றுக்கொண்டாள். வண்டி நல்லபடியாக இருக்கும்போதே பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை பானெட்டைத் திறந்து பிளஸ் எது, மைனஸ் எது என்று பார்த்து வைத்துக்கொண்டால் போதும். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு ஜுரம் என்றால் அப்போது கை நடுங்காது.

செலவு பெரிதில்லை. கனமான கேபிள் ஒரு ஜோடி டிக்கியில் இருக்கட்டும். பேட்டரி வாங்கிய தேதியை, காஸ் சிலிண்டர் மாற்றிய தேதியும் பால் கணக்கும் எழுதுகிற அதே காலண்டரில் எழுதுங்கள். புது வருஷக் காலண்டர் மாட்டும்போது மறக்காமல் அதிலும் எடுத்து எழுதுங்கள்.